அறுபத்தொரு கிலோ இருநூறு

போல்ட்டின் தலையை அரத்தால் ராவி, உதிர்ந்த இரும்புத் தூளைக் காகிதத்தில் கூட்டி எடுத்து நிறுத்துப் பார்ப்பார் நாராயணபெருமாள். "மூணு கிராம் கொறஞ்சாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு முழுக் காலைப்பொழுதுக்கு அவருக்கு அது போதும்.

தோவாளை பூச்சந்தைக்குப் பின்னால், வயலை ஒட்டிய தகரக் கொட்டகையில் இரண்டரை வருடமாக ஒரு பந்தயக் காரின் சேசிஸை, அதன் குழாய்க் கூட்டைச் செய்துகொண்டிருக்கிறார். மார்த்தாண்டத்து ஜெபிஷ் ஆசைப்பட்டுக் கேட்ட வண்டி. ஒற்றை ஆள் மட்டும் நடுவில் உட்கார்ந்து ஓட்டுவது. ஷார்ஜா பட்டறையில் பத்தொன்பது வருடம் ஆர்கான் வெல்டிங் செய்த கை அவருடையது. குழாய்கள் நூற்றி முப்பது. ஒன்றோடொன்று சேரும் இடத்தில் முடி நுழையாது. ஒரு பற்றவைப்பு மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார்.

மனைவி சண்முகவடிவு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "நம்ம ரோட்டுல பஸ்ஸே குதிச்சுக் குதிச்சுல்லா போகு. இதுக்குப் போயி இத்தன பாடு எதுக்கு?" என்பாள்.

"கோணலாச் செஞ்சா எனக்கு ஒறக்கம் வராதுட்டி."

பூக்கடைக்காரர்களிடம் பழைய மின்தராசு நான்கு வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்திருந்தார். நான்கு பக்கமும் எடை ஒப்பமாக இருந்தால்தான் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். இன்ஜினும் இருக்கையும் ஏற்றிய பின் மொத்தம் இருநூற்றிப் பன்னிரண்டு கிலோ நானூறு.

ஆடி மாதம், காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கும் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தபோது தராசுகளில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பின்பக்கம் கூடுதலாக, முன்பக்கம் கொஞ்சமாக. நான்கிலும் கூடிய எடை மொத்தம் அறுபத்தொரு கிலோ இருநூறில் போய் நின்றது. வண்டியில் யாரும் இல்லை. கடைசி எண் மட்டும், உட்கார்ந்திருப்பவர் மூச்சுவிட்டால் அசைவதுபோல, ஏறி இறங்கியது. மூன்று மணிக்குள் எல்லாம் பழைய எடைக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் வேறு தராசுகள் கொண்டுவந்தார். படிக்கல் வைத்துச் சோதித்தார். பழுது ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு மறுபடியும் அதே அறுபத்தொரு கிலோ இருநூறு. அதற்கடுத்த நாளும்.

சனிக்கிழமை சண்முகவடிவு வீட்டில் இருந்தாள். கூட்டிவந்து காட்டினார்.

"தராசு பழுதாக்கும்" என்றாள்.

"சீட்டுல கைய வச்சுப் பாரு."

குனிந்து உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஒருதரம் துடைத்து, மறுபடியும் துடைத்தாள். "வேர்வ ஈரம் கெடக்கு" என்றாள்.

திங்கட்கிழமை அவர் இருக்கையைக் கழற்றி நான்கு விரற்கடை முன்னே நகர்த்திப் பூட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்றாள்.

"இப்ப என்ன செய்யிதிய?"

"ஓட்டுக ஆளு வெயிட்டையும் சேத்துல்லா ஒப்பமாக்கணும்."

"எந்த ஆளு?"

அவர் அடுத்த போல்ட்டை முறுக்கினார். பயந்துதான் இருந்தார். ஆனால் இரண்டரை வருடத்தில் ஒருவராவது வந்து, இதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாரே என்ற நிறைவும் உள்ளே இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இது இஞ்சருந்து போணும். இல்லேன்னா நான் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வண்டியை எடுத்துப்போகச் சொல்லி ஜெபிஷுக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலையிலேயே வா என்று சொல்லியிருந்தும், அவன் வந்து சேரும்போது மணி இரண்டு இருபது. கொட்டகைக்குள் நுழைந்ததும் அவன் கண் தராசுகளுக்குத்தான் போனது. நான்கிலும் அறுபத்தெட்டு கிலோ நானூறு.

"அண்ணாச்சி, நாலும் ஒப்பமா நிக்கே!" என்று துள்ளினான். பிறகு மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். "இருநூத்திப் பன்னெண்டுன்னுல்லா போன்ல சொன்னிய? அறுவது கிலோ கூட வருகே?"

 அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கக் குழாயைத் தாண்டிக் காலைத் தூக்கினான். நாராயணபெருமாள் அவனுடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் நில்லு மக்கா. எறங்கட்டும்."

பிறகு வண்டியருகே குனிந்து, காலியான இருக்கையை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கை ஒருமுறை பாரத்தில் தாழ்ந்து, மெல்ல நிமிர்ந்தது.