நான்காம் இலக்கப் போத்தல்

பூநகரியிலிருந்து கடல்நீர்க் களப்புப் பக்கமாகப் போகும் வீதியில் நாளுக்கு மூன்று பஸ் ஓடினால் அது நல்ல நாள். அந்த வீதி முடிகிற இடத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் சிவலட்சுமி ஆய்வுகூட உதவியாளர். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். நீளமான ஒரு வகுப்பறை, பூட்டு ஒழுங்காக விழாத இரண்டு அலுமாரிகள், பெரிய போத்தலுக்குள் மிதக்கும் ஒரு தவளை, அவ்வளவுதான். ஆனால் அங்கே அடுக்கியிருக்கும் கண்ணாடிச் சாமான்களைப் பார்த்தால் கல்விக் கந்தோரிலிருந்து வருபவர்கள்கூட ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள். "லாப் அக்கா கழுவின முகவையில முகம் பார்த்துத் தலை இழுக்கலாம்" என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடி அவளுக்குப் பிடிக்கும்.

அந்த ஊரில் கழுவுவது லேசான வேலையில்லை. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் கிழமைக்கு இரண்டு தரம் வரும், சில கிழமை வராது. சிவலட்சுமி சவர்க்காரத்தூளைத் தாராளமாகப் போட்டு, நுரை பொங்கப் பொங்கத் தேய்ப்பாள். அலசுவதற்கு மட்டும் ஒரு சிரட்டைத் தண்ணீர். அதை ஒரு போத்தலிலிருந்து அடுத்த போத்தலுக்கு ஊற்றி ஊற்றி ஐந்து போத்தலை அலசிவிடுவாள். மிச்சத்தை வாசலில் நிற்கும் வேம்புக்கு ஊற்றுவாள். பிறகு பழைய வேட்டித் துண்டால் துடைத்தால் கண்ணாடி பளபளக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்காமல் வேலை முடித்ததில் அவளுக்கு ஒரு பெருமை.

இந்தக் கழுவல் சும்மா வந்த பழக்கமில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவளுடைய தாய் தகப்பன். அவள் பிறந்தது இங்கேதான். ஆண்டியப்பனைக் கட்டியதும் இங்கேதான். போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதில் எல்லாரையும் போல அவர்களும் செட்டிக்குளம் முகாமுக்குப் போனார்கள். அங்கே இரண்டு வயது மகனுக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. "பால் போத்தல் வடிவாக் கழுவுப்படேல்லைப் போல" என்று யாரோ ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். முகாம் முழுக்கவே வயிற்றோட்டம்தான், குடித்த தண்ணீரே அப்படி. ஆனாலும் அந்த ஒரு சொல் சிவலட்சுமியின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. பதினாறு வருடமாக அவள் அந்தப் போத்தலைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் பிழையில்லை.

போன ஐப்பசியில் களப்புக் கரையில் மீன் செத்து ஒதுங்கியது. திரளியும் ஓராவும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை நெடுகக் கிடந்தன. நாற்றம் பள்ளிக்கூடம் வரை வந்தது. அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கும் பிரதாபன் சேருக்கு மனம் ஆறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து, களப்பு ஏன் சாகிறது என்று நாங்களே தேடுவோம் என்றார். குழுவுக்குத் தலைவி நிரோஜா. மெலிந்த பிள்ளை, ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கினால் வாத்திமாருக்கே வியர்க்கும்.

கரையில் ஆறு இடங்களைத் தெரிந்தார்கள். இரண்டாம் இடம் வயல் வாய்க்கால் வந்து விழும் வாய். நான்காம் இடம் நண்டுக் கொட்டிலின் கழிவுக் குழாயடி. அந்தக் கொட்டிலில் நண்டை அவித்துச் சதை பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்புவார்கள். பதினெட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். பாதிப் பேருக்குப் புருஷன் இல்லை. அதில் ஒருத்தி விமலேஸ்வரி, நிரோஜாவின் தாய்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு புதுக் கண்ணாடிப் போத்தல்கள் வந்தன. பிள்ளைகள் அவற்றை அமிலம் விட்டு அலசி, காய்ச்சி வடித்த நீரால் மூன்று தரம் அலசி, இலக்கம் ஒட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் எல்லாருக்கும் முதல் வந்து மேசை துடைத்தபோது, நான்காம் போத்தலின் கழுத்தில் கீறல் ஓடியிருப்பதைச் சிவலட்சுமி கண்டாள். பிள்ளைகள் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அவளுடைய வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில்தான். ஓடிப்போய், ஏறக்குறைய அதே அளவில் ஒரு போத்தலை எடுத்தாள். பிள்ளைகளின் வேலையல்லவா என்று தூளை இரண்டு பங்கு போட்டுத் தேய்த்தாள். ஒரு கைத் தண்ணீரில் அலசினாள், துடைத்தாள், திரும்பி வந்து நான்கு என்ற தாளை உரித்து அதில் ஒட்டினாள். இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. உடைந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் வைப்பது அவளுடைய வேலை.

பிள்ளைகள் ஆறு இடத்திலும் தண்ணீர் அள்ளி வந்தார்கள். சோதனைக் குழாய்களில் ஊற்றி, சோதனைப் பெட்டியோடு வந்த பைக்கற்றை வெட்டி வெள்ளைத் தூளைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். தண்ணீரில் பொசுபேற்று என்ற உரச்சத்து இருந்தால் நீலமாகும்; அது கூடினால் பாசி பெருகி மீன் மூச்சுமுட்டிச் சாகும். இரண்டாம் இலக்கம் கொஞ்சம் நீலம் காட்டியது. நான்காம் இலக்கம் மைக்கூட்டைக் கவிழ்த்தது போலக் கறுநீலமானது. பிள்ளைகள் கூவினார்கள். நிரோஜா மட்டும் கூவவில்லை.

ஆனாலும் அவள்தான் பிரதேச சபை மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று அறிக்கையை வாசித்தாள். நான்காம் இடம், நண்டுக் கொட்டில், இவ்வளவு பொசுபேற்று என்று ஒரு எழுத்தும் விழுங்காமல் வாசித்தாள். கடைசி வரிசையில் விமலேஸ்வரி இருந்தாள். இரண்டு கிழமையில் கொட்டிலை மறு அறிவித்தல் வரை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்த மாதம் மாகாணப் போட்டியில் பிள்ளைகளுக்கு முதலிடம் கிடைத்தது. சித்திரையில் கொழும்புக்குப் போக வேண்டும் என்றார்கள்.

"அம்மா என்னோட கதைக்கிறேல்லை அக்கா. சோத்தைப் போட்டு வைச்சிட்டுக் குசினிக்குள்ள போயிடுவா" என்று நிரோஜா ஒருநாள் ஆய்வுகூடத்தில் அழுதாள்.

"அழாதை பிள்ளை. உண்மையைச் சொன்னவைக்கு ஒரு நாளும் குறை வராது" என்று சிவலட்சுமி அவளுடைய முதுகைத் தடவினாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிரதாபன் சேர் பிள்ளைகளைக் கொழும்புக்குத் தயார்ப்படுத்தினார். தானே நடுவராகக் கதிரையில் இருந்து கேள்வி கேட்டார். சிவலட்சுமி மூலையில் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மாதிரி எடுத்த போத்தலை எப்பிடித் துப்புரவாக்கினீங்கள்?"

"புதுப் போத்தல் சேர். அமிலத்தால அலசி, பிறகு காய்ச்சி வடிச்ச தண்ணியால மூண்டு தரம் அலசினது. சவர்க்காரத்தூள் பாவிக்கேல்லை" என்றாள் நிரோஜா.

"ஏன்?"

"சவர்க்காரத்தூளில பொசுபேற்று இருக்கலாம் சேர். போத்தலில கொஞ்சம் ஒட்டி நிண்டாலே முடிவு பிழைச்சுப் போகும்."

சிவலட்சுமியின் கை விளக்குமாற்றோடு அப்படியே நின்றது. அவளுக்கு முதலில் விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. எல்லாரும் போன பிறகு வீட்டுக்குப் போய் இன்னொரு போத்தலை எடுத்தாள். அதே தூள், அதே இரண்டு பங்கு, அதே ஒரு கைத் தண்ணீர், அதே வேட்டித் துண்டு. ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, அதற்குள் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் குலுக்கிச் சோதனைக் குழாயில் விட்டாள். பிள்ளைகள் செய்ததை எத்தனை தரம் பார்த்திருப்பாள். பைக்கற்றை வெட்டித் தூளைப் போட்டுவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பத்து நிமிடம் வேண்டியிருக்கவில்லை. அதற்குள்ளேயே கறுநீலம்.

கதிரையில் இருந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். முகாமில் போத்தலைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒரு பழி. இப்போது கழுவியதே பழியாகிவிட்டது. தன் வேலையை நினைத்துப் பயந்தாள். அதைவிட, தாயும் மகளும் ஒரே வீட்டுக்குள் பேசாமல் இருப்பதை நினைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை. சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டியப்பன் அன்றைக்கு அதைத்தான் சொன்னான். "சும்மா இரு, தெரியாமச் செஞ்சதுதானே" என்றான். அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

காலையில் பிரதாபன் சேருக்கும் நிரோஜாவுக்கும் முன்னால் அந்த நீலக் குழாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சேர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கரையில வைச்சு நாங்களும் களப்புத் தண்ணியால ஒருக்கா அலசியிருக்க வேணும். இடத்துக்கு மூண்டு போத்தலாவது எடுத்திருக்க வேணும். அது என்ர பிழை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழும்புப் போட்டி முடியட்டும் அக்கா. அதுக்குப் பிறகு பார்ப்பம்" என்றார். நல்ல மனிசன்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் ஆசை நல்ல மனிசருக்கும் வரத்தான் செய்கிறது.

நிரோஜா சிவலட்சுமியைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்லை?" என்றாள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சேரிடம் திரும்பினாள்.

"திரும்ப எடுப்பம் சேர். எல்லா இடமும்."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு களப்புக்கு ஒரு போத்தல் பதமாகாது என்பதை அவர்கள் படித்தார்கள். இந்த முறை இடத்துக்கு மூன்று போத்தல் எடுத்தார்கள். நண்டுக் கொட்டில் மூடிக் கிடந்ததால், அங்கே மிஞ்சியிருந்த கழிவுக் குழியிலிருந்தும் எடுத்தார்கள். நான்காம் இடம் கொஞ்சம்தான் நீலம் காட்டியது, குழியும் அப்படித்தான். வயல் வாய்க்கால் விழும் இரண்டாம் இடம் மூன்று போத்தலிலும் நல்ல நீலம். உரம் கழுவி வந்த தண்ணீராக இருக்கலாம் என்று நிரோஜா கொப்பியில் எழுதினாள். "இருக்கலாம்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். மீன் செத்த ஐப்பசித் தண்ணீரை இனி யாரால் திரும்ப அள்ள முடியும்?

பிரதாபன் சேர் போட்டியிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினார். அதிகாரிகளுக்கும் ஒரு கடிதம் போனது. கொட்டிலைத் திறக்கலாம் என்று பதில் வருவதற்குள் அதை நடத்தியவர் மெசினைக் கழற்றி வேறு மாவட்டத்துக்கு ஏற்றிப் போய்விட்டார். பிழை ஒரு காலையில் நடந்தது. அதைத் திருத்த மூன்று மாதமும் போதவில்லை. சிவலட்சுமியிடம் கந்தோர் விளக்கம் கேட்டது. ஆண்டியப்பன் உதவியோடு எழுதிக் கொடுத்தாள்.

இன்னொரு விளக்கம் பாக்கி இருந்தது. அதை எழுதிக் கொடுக்க முடியாது. முடிவு மாறியதை நிரோஜாவும் தாயிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிரோஜாவைக் கூட்டிக்கொண்டு விமலேஸ்வரி வீட்டுக்குப் போனாள். விமலேஸ்வரி முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கதிரை எடுத்துப் போட்டாள். சிவலட்சுமி அதில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"உன்ர பிள்ளையில ஒரு பிழையும் இல்லை விமலா. போத்தல் நான் கழுவினது. என்ர தூள்தான் நீலமானது. என்னை எவ்வளவு வேணுமெண்டாலும் பேசு, பிள்ளையோட கோபிக்காதை."

விமலேஸ்வரி கிழித்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"நான் பிள்ளையோட எங்க அக்கா கோபிச்சனான்?" என்றாள். "அவள் வாசிச்சதை நான் அப்பிடியே நம்பினனான். எட்டு வருசமா அந்தக் குழாயால தண்ணியைத் திறந்து விட்டது நான்தான். மீனெல்லாம் என்ர கையால செத்துது எண்டு நினைச்சன். அவளின்ர முகத்தைப் பார்க்க வெக்கமாக் கிடந்துது. அதான் கதைக்கேல்லை."

நிரோஜா படலையடியிலேயே நின்றாள். சிவலட்சுமி அப்போதுதான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். தன்னைப் போல இன்னொருத்தி, செய்யாத பிழையை நெஞ்சில் சுமந்துகொண்டு மாதக்கணக்காகச் சோறு போட்டு வைத்துவிட்டுக் குசினிக்குள் ஒளிந்திருக்கிறாள். அதற்குக் காரணம் சிவலட்சுமி கழுவிய போத்தல்.

"அப்ப மீன் செத்தது என்னால இல்லையோ?" என்று விமலேஸ்வரி மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லையம்மா" என்றாள் நிரோஜா. பிறகு அவளுடைய பழக்கம் விடவில்லை. "எண்டுதான் நினைக்கிறம்" என்று சேர்த்துச் சொன்னாள்.