ஐஸ் உருகிய பிளாஸ்க்கில் என் என்சைம்

நெல் அவிக்கும்போது வருமே ஒரு வாடை... மதுரை ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்த்த குடுவையைத் திறந்தால் அதே வாடைதான். வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த கிருமி அது. கை பொறுக்காத சூட்டில்தான் நன்றாக வளரும்.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பி.எச்டி. செய்தேன். அந்தப் பாக்டீரியாவின் என்சைமைக் கொண்டு நியூக்ளியோசைடுகளை மாற்றி அமைப்பது என் வேலை. நியூக்ளியோசைடு என்றால் ஒரு சர்க்கரையும் அதோடு ஒட்டிய ஒரு நைட்ரஜன் காரமும். மரபணு கட்டப்படுவது அந்த மாதிரிக் கற்களால்தான். காரத்தைக் கழற்றி வேறொன்றை ஒட்டினால் வைரஸை ஏமாற்றும் மருந்தாகலாம். அந்த ஒட்டு வேலையை என்சைம் செய்யும்.

அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். என்சைம் எடுக்க இனி மதுரைக்கு பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியாகப் பிரித்தெடுத்த என்சைமை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு மதுரையில் பஸ் ஏறினேன்.

சித்திரை வெயில். காரியாபட்டி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. மாற்று பஸ் வருவதற்குள் ஐஸ் முழுக்கத் தண்ணீர்.

சூடு தாங்கும் என்சைம்தான். ஆனால் அதோடு கலந்து வந்த வேறு ஏதாவது அதைச் சிதைத்திருந்தால்? மறுபடி எடுக்க வழியில்லை.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"புள்ள நல்லாத்தான் இருக்கு. என்சைம்தான் போயிருக்கும்னு நெனைக்கேன்."

"செஞ்சு பாக்காம எப்படிச் சொல்லுவ? காலையில நானே காலேஜுல கொண்டுபோய் விடுறேன்."

மறுநாள் விடுமுறை. என்னோடு வேலை பார்த்த செல்வி, எனக்காகவே திருச்சுழியிலிருந்து வந்தாள். என்சைம் சேர்த்த கலவையை வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மதியம் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கடியில் வைத்தாள். என்சைம் வேலை செய்து புதுப் பொருள் உண்டாகியிருந்தால் அது தனிப் புள்ளியாகத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடியே, கண்ணத் தொற. புதுசா ஒரு புள்ளி நிக்கிது."

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள்.

மகள் பிறந்த பிறகு ஆய்வேடு முடிந்தது. நாங்கள் செய்த பொருள் மருந்தாகவில்லை. வைரஸை அது ஒன்றும் செய்யவில்லை. பட்டம் கிடைத்தது.

இப்போது என் மாணவிகளுக்கு என்சைம் உறைபனிப் பெட்டியில் கூரியரில் வருகிறது. முடிவைக் கம்ப்யூட்டர் வரைந்து காட்டுகிறது. எல்லாம் அன்றைவிட மேல்தான்...

செல்வி சென்னையில் மகனோடு இருக்கிறாள். நினைத்தால் போனில் பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஆகுமோ என்று காத்திருக்கத்தான் இப்போது ஆளில்லை.