நேரடி ஒளிபரப்பு

லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்த அவருக்கு உடன் வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் 'நேரடி ஒளிபரப்பு'. எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், "வீ ஆர் ஒர்க்கிங் ஆன் இட்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் போக வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவார்கள். அவர் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்.

"எங்கப்பா இருக்கே?"

"மெஷின் ரூம்லதான்க்கா."

"ஹாரன் சத்தம் கேக்குதே. மெஷின் ரூமுக்குள்ள பஸ் ஓடுதா?"

ஆள் போய்ச் சேரும்வரை "ஆள் அனுப்புகிறோம், நேரமாகும்" என்றுதான் எழுதுவார். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

"வேலை நடக்குதுன்னு எழுதினா, மேல் மாடியில இருக்கற மூட்டுவலிக்காரர் அதை நம்பிக் கீழேயே நிப்பாரு சார். இல்லேன்னு தெரிஞ்சா மக வீட்டுக்காவது போயிடுவாரு."

அந்த நிமிஷம் நடப்பதைத் தவிர வேறெதையும் எழுத மாட்டார். ஓய்வுபெறும்வரை அப்படித்தான்.

பிறகு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். மகள் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். கட்டிலருகே உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிநாட்டிலிருந்த அவளுடைய அண்ணன், வரட்டுமா என்று கேட்டு மெசேஜ் அனுப்பினான். அவள் "ஷீ இஸ் கெட்டிங் பெட்டர்" என்று பதில் போட்டாள். உடனே அவனிடமிருந்து வந்தது: அப்பாடா, அப்படியானால் அடுத்த மாதம் வருகிறேன்.

"என்னடி அனுப்பினே? காட்டு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தேறிக்கிட்டிருக்கேனா? யாரு சொன்னா?"

"ஆக்சிஜன் ஏறியிருக்கும்மா."

"அது அந்தப் பொட்டியில. எனக்கு ஒண்ணும் ஏறலே."

"அண்ணன் பயந்துடுவான்மா."

"பயப்படட்டும். இதை நம்பி அங்கேயே இருந்துட்டான்னா? எனக்கு அவனைப் பாக்கணும்டி."

மகள் மறுபடி மானிட்டரைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வரி தேவைப்பட்டது. அவர் போனை வாங்கி, ஊசி குத்திய கையாலேயே தட்டினார்: "ஐ ஆம் நாட் கெட்டிங் பெட்டர். கம்."

அவன் அடுத்த விமானத்தைப் பிடித்தான். வந்து நின்றபோது அவருக்குப் பேச்சு இருந்தது.

"ஏண்டா, அந்த ஊர்ல பிளேடு விக்கிறதில்லையா?"

தாடியைத் தடவிக்கொண்டு அவன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

அதன்பின் அவர் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அந்த நாட்களில் அவன்தான் கஞ்சி ஊட்டினான். மகள் ஸ்பூனை எடுத்தால், "போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவன் எடுத்தால் வாயைத் திறப்பார்.