மஞ்சள் கோடு போட்ட பீரோ

ஊரிகத்தில் என் வீட்டுச் சுவரில் நான் ஆணி அடித்தால், பக்கத்து வீட்டுத் தாமோதரனின் காலண்டர் கீழே விழும். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். திருச்சியில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே எட்டு வருடம் இருந்தவன் நான். இங்கே அவர் எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறார் என்பதுவரை தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? பதினாறு வருடமாக நாங்கள் மனதாரப் பகைவர்கள்.

"ஜோலார்பேட்டை தாண்டினால் வந்துவிடுகிற ஊர். அதற்குப் போய்ப் புலம்பெயர்ந்தவன் என்று பீற்றிக்கொள்கிறாயே" என்று திருச்சி நண்பர்கள் சிரிக்கலாம். வந்து பாருங்கள். ரேஷன் கடையில் கன்னடம், காய்கறிக்காரியிடம் தெலுங்கு, வீட்டுக்கு வீடு தமிழ். அந்தத் தமிழிலேயே என்னை வெளியூரான் என்கிறார்கள். காற்றடித்தால், தங்கம் எடுத்தபின் மலையாகக் கொட்டி வைத்த மண் என் சோற்றில் விழுகிறது. தங்கம் யாருக்கோ போயிற்று, மண் எனக்கு.

வந்த அன்று வீட்டுக்காரர் "எத்தினி நாளுக்கு?" என்று கேட்டார். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்த திமிரில், "ரெண்டே வருஷம்" என்றேன். இரண்டு வருடத்துக்கு எவன் மரச்சாமான் வாங்குவான்? துணிமணிகள் சூட்கேஸிலேயே இருந்தன. அப்படியே பதினாறு வருடம் போய்விட்டது. போன மாதம் அம்மா வீட்டுக்குப் போன என் மனைவி மங்கைக்கு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தருகிறோம் என்றார்கள். வியாழக்கிழமை போனில் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். பொட்டியத் தொறந்து பொடவ எடுக்கறது லாட்ஜுல தங்குற மாதிரியே இருக்குங்க. லாட்ஜுல இருந்தது போதும். ஒரு பீரோ வாங்கி நிறுத்தி போட்டோ அனுப்புங்க, வேலை வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன். இல்லேன்னா இங்கயே இருந்துக்கறேன்."

அன்றே போனில் ஆர்டர் போட்டேன். சனிக்கிழமை வந்து இறங்கியது பீரோ அல்ல. இரண்டு அட்டைப்பெட்டி பலகை, ஒரு பை திருகாணி. "யாரு மாட்டித் தருவாங்க?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன். "ஈஸி சார், நீவே மாட்கொள்ளி" என்றார். நீங்களே செய்துகொள்ளலாம் என்று என் திறமையைப் பாராட்டுவதாக நினைத்துப் பல்லைக் காட்டினேன். நான் காட்டி முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது.

செய்முறைத் தாளில் எழுத்தே கிடையாது, படம் மட்டும். மொட்டைத் தலையும் மூக்கில்லாத முகமுமாக ஒரு பொம்மை, பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாற்பது டன் இயந்திரத்தின் போல்ட்டுகளைப் பாஸ் செய்கிறவன், இந்த மொட்டையிடமா பாடம் கேட்பேன்? தாளைப் போண்டாத் தட்டுக்கு அடியில் போட்டேன். ஞாயிறு மதியம் திமிர் இறங்கி அதை எடுத்துப் பார்த்தபோது, எண்ணெய் ஊறி இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தது. ஏழாவது படத்து மொட்டை, எட்டாவது படத்து மொட்டையின் தலையில் பலகையைச் செருகிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக் கெடு நினைவுக்கு வந்தது. அவசரம் வந்தால் என் கை தொழிற்சாலைப் பழக்கத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் வழக்கம் இது: போல்ட்டை உயிர் போக முறுக்கு, அதன் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழு. கோடு விழுந்தால் முடிந்தது. அப்புறம் மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக்கூடாது. முறுக்கினேன், கோடு போட்டேன். இடப்பக்கம் எப்படியோ தாங்கியது. வலப்பக்கம் மூன்றாவது திருகாணியில் 'கரக்' என்றது. மரமா அது? மரத்தூளை அமுக்கிச் செய்த ரஸ்க். பிளந்த இடத்தைச் சுத்தியலால் சமாதானப்படுத்தப் பார்த்தேன். வாசலில் தாமோதரன்.

"இன்னா சார், ஞாயித்திக்கெழம ஒரு நாளு தூங்க வுடமாட்டீங்களா? என் செவுரு ஆடுது."

"உங்க சுவரு இல்ல. பாதி என்னோடது."

"அந்தப் பாதிய பேத்து எடுத்துக்கினு திருச்சிக்கே போங்க."

அப்போதுதான் மஞ்சள் கோடுகளைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய், அடுக்குமாடி வீடுகளில் இதே பீரோக்களை மாட்டித் தருவதுதான் அவர் வேலை. தெரிந்துதான் நான் கூப்பிடவில்லை. அவர் அப்பா சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கம் மூடியபின் மகன் எங்கள் தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தார். வேலை வெளியூர் ஆட்களுக்குப் போயிற்று. அந்த ஆட்கள் அத்தனை பேரும் அவரைப் பொறுத்தவரை நான் ஒருவனே.

"டம்பர் லாரிக்குப் போடற முறுக்க அட்டைக்குப் போட்டுகீறீங்க. மொதல்ல எல்லாத்தியும் லூசா கோக்கணும் சார். நிமித்தி வெச்சப்புறம்தான் டைட்டு. உங்க பரிச்சைல இத்த கேக்கலியா?"

மணி மூன்றரை. "கொஞ்சம் வந்து..." என்று இழுத்தேன்.

"தெரியாதுன்னு சொல்லுங்க. வரேன்."

"தெரியாது."

"லைன் வூடு அத்தினிக்கும் கேக்கணும்."

"எனக்குத் தெரியாதுய்யா!" எதிர்வீட்டு மிக்ஸி நின்றது.

"என் தூக்கத்துக்காக வந்துகீறேன். உங்களுக்காவ இல்ல" என்று உள்ளே வந்தார். கோடு போட்ட திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இது பாஸு... இதுவும் பாஸு..." என்று ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு வலப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, "இந்த சைடு செத்துப்போச்சி. ரெண்டு கதவு நிக்காது. பாதியா அறுத்து மூடினா ஒரு கதவு நிக்கும். இன்னா சொல்றீங்க?" என்றார். அறுக்கச் சொன்னேன். ரம்பம் வந்தது. ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கையில், ஒற்றைக் கதவு பீரோ ஒன்று என் வீட்டில் நின்றது. இடுப்பால் இடித்துக் காட்டினார், அசையவில்லை. அது அசையாததற்காகவும் அவரை வெறுத்தேன்.

போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

"என்னங்க, பாதிதானே இருக்கு?"

"மீதி வளரும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "மீதிய நான் உடச்சுட்டேன்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஐந்து அடித்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். "சரின்னு சொல்லிட்டேங்க."

"எங்கிட்டயா?"

"ஸ்கூல்ல. மாசம் ரெண்டு வாட்டி வரேன். நாலு பொடவ அங்க இருக்கட்டும். பாதி பீரோ போதும்."

பாதி நின்றதற்குப் பாதி வருகிறாள். நானே இன்ஸ்பெக்டராக இருந்தாலும் இதைத்தான் பாஸ் செய்திருப்பேன். கோபப்படக்கூட வழியில்லை.

தாமோதரன் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே, மிச்சம் கிடந்த கதவைக் காலால் தொட்டார். "இத்த எடுத்துக்கினு போட்டுமா?"

"கைய வச்சீங்கன்னா தெரியும்."

"மாட்டறதுக்கு பீரோவே இல்லியே சார். வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் கதவை நிமிர்த்திப் பிடித்தேன். கீல், பூட்டு, கைப்பிடி எல்லாம் சரியாக இருந்தன. கதவுக்கு இந்தப் பக்கமும் ஊரிகம், அந்தப் பக்கமும் ஊரிகம். கையை எடுத்தால் விழுந்துவிடும் என்பதால் பிடித்தபடியே நின்றேன்.