சித்தியின் அயலுறவு

காசிமேடு துறைமுகத்துக்குள் அந்த நீலப் படகை எங்கள் ஆட்கள் கயிறு கட்டி இழுத்து வந்த காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பக்கவாட்டில் உருண்டை உருண்டையாகச் சிங்கள எழுத்து. எஞ்சின் பழுதாகிக் காற்றில் அடித்து வரப்பட்ட இலங்கை மீனவர்கள், உதடு வெடித்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது என் சித்தப்பா இலங்கைச் சிறையில் இருந்தார். எல்லை தாண்டி மீன் பிடித்ததாக அவருடைய விசைப்படகையும் ஆட்களையும் அந்நாட்டுக் கடற்படை பிடித்துப் போய் மாதங்களாகியிருந்தன. சித்தி ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்பவள். விற்று முடித்த கையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவாள். இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதே எங்கும் பதில்.

அதனால்தான் அன்று கரை கொதித்தது. நம்மவர்களை விட்டால்தான் இவர்களை விடுவது, அதுவரை போலீசிடம்கூட ஒப்படைக்கக் கூடாது என்றார்கள். ஒருவன் படகுக்குள் குதித்து, அவர்களில் மூத்தவரின் சட்டையைப் பிடித்துவிட்டான். எல்லாம் சித்திக்காகத்தான் என்று நினைத்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது, அவளும் அதையே கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சித்தி சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்துவிட்டாள். "எம் பேரச் சொல்லி இத்த செய்யாதீங்க. அங்க எவனோ ஒருத்தன் எம் புருசனுக்கு சோறு போட்டுகினு கீறான். இவங்கள அடிச்சா அந்தச் சோத்துல மண்ணு வுழும்."

கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவரச் செய்தாள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் போலீசார் அவர்களை அழைத்துப்போக விட்டாள். விசாரணை முடிந்து அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பா வரவில்லை. கைக்கு வந்ததை விட்டவள் என்று சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

பிறகு இரு நாட்டு மீனவர்களும் நேரில் பேச சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. சிறையிலிருப்போர் குடும்பங்களுக்காகச் சித்தி உட்கார்ந்தாள், துணைக்கு நான். எதிரே வட இலங்கைத் தமிழர்கள். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப் போகும் இழுவை மடிகள் அவர்களுடைய வலைகளை அறுத்தெறிந்திருந்தன. அதைப் பற்றி எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. சித்திதான் திறந்தாள்.

"உங்க வலைய அறுத்தது தப்பு. அதுக்கு எங்க ஆம்பளைங்கள மாசக்கணக்கா உள்ள வெச்சிக்கிறதும் தப்பு. ரெண்டையும் ஒண்ணா உக்காந்து பேசலாம்."

எதிரே இருந்த பெரியவர் மெதுவாக, "இதைத்தான் அம்மா நாங்கள் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு இருக்கிறம்" என்றார். பேச்சு அதன்பிறகுதான் பேச்சாக நடந்தது.

இப்போது ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருக்கிறேன். அண்டை நாடுகள் கைகுலுக்கும் படங்கள் செய்தியில் வரும்போதெல்லாம் அந்தக் கூட்டத்து மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்த சித்திதான் நினைவுக்கு வருகிறாள். என் சித்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அத்தனை கர்வம்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒருவழியாகச் சித்தப்பாவை விட்டார்கள். படகு வரவில்லை, அவரோடு பிடிபட்ட, படகை ஓட்டிய பையனுக்குத் தண்டனை இன்னும் பாக்கி இருந்தது. விமான நிலையத்தில் சித்தப்பா எலும்பும் தோலுமாக வந்தார். வேனில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டில் மாலையோடு உறவுக்கூட்டமே காத்திருந்தது.

சித்தி வண்டியை முகத்துவாரக்குப்பத்துக்கு விடச் சொன்னாள். அந்தப் பையனின் அம்மா அங்கேதான் இருந்தாள்.

"மொதல்ல அங்க வா," என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள நல்லா கீறான்னு உன் வாயால அந்தம்மாகிட்ட சொல்லு. அப்பறம் நம்ம வூட்டுக்குப் போலாம்."