பிரஷர் ஏறிய அந்த ஆகஸ்ட்

டயாலிசிஸ் நர்ஸ் வேலையில் ஒரு வசதி உண்டு, நோயாளி கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. ஒரு கஷ்டமும் உண்டு, நாமும் போக முடியாது.

வாரத்துக்கு மூன்று காலை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். அதே நாற்காலி, அதே ஆட்கள், அதே டிவி. நகரவே முடியாத ஒரு இடத்தில் நின்று, மற்றவர்களுடைய பேச்சையெல்லாம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர் நீங்களும் என்றால், பஸ் டிரைவரோ, பள்ளிக்கூட ஆசிரியரோ, கவுண்டர் கிளார்க்கோ, நீங்களும் என் கட்சிதான். மலேசியாவில், நிபோங் திபாலிலிருந்து கடல் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு வந்து பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். இங்கே நர்ஸ் என்றால் மிஸ்ஸி, எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. உக்ரைன் படை திடீரென்று எல்லை தாண்டி ரஷ்யாவுக்குள் நுழைந்த அந்த ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் வார்டில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

டிவியை மாற்றாதே

என் பக்கத்தில் நாலு நாற்காலி. ஜன்னலோரம் காதர் பாய், நாசி கண்டார் சோற்றுக் கடை முதலாளி. அவருக்கு டிவியில் கால்பந்து வேண்டும். அடுத்து பாக் மான், ராணுவத்தில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மலாய்க்காரர். அவருக்கு நியூஸ் வேண்டும். மூன்றாவது சிவகுருநாதன் ஐயா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டிவியே வேண்டாம்.

நாலாவது நாற்காலிக்கு ஹலினா ஆன்ட்டி வந்தார். உக்ரைனில் சூமி என்ற ஊருக்குப் பக்கத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அங்கிருந்து ரஷ்ய எல்லை அரை மணி நேரப் பயணம். இங்கே பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருக்கும் மகள் அவரை இங்கே அழைத்து வந்துவிட்டார். கணவர் வர மறுத்து அங்கேயே இருக்கிறார். மகன் ராணுவத்தில்.

முதல் நாளே நியூஸில் போர் வந்தது. இடிந்த கட்டடம், புகை. நான் பதறிப்போய் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினேன். அவர் ஊசி குத்தாத கையைத் தூக்கி, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: "மாத்தாதே மிஸ்ஸி. நீ மாத்தினா, காட்ட முடியாத அளவுக்கு ஏதோ நடந்துடுச்சுன்னு நினைப்பேன்."

வெள்ளைக்கரு

டயாலிசிஸுக்கு வருகிறவர்களை முதலில் எடை பார்ப்போம். இரண்டு நாள் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில் தங்கியிருக்கும், அதனால் எடை கூடித்தான் இருக்கும். கூடியதற்காக நாங்கள் திட்டுவோம், அவர்கள் பொய் சொல்லுவார்கள். இதுதான் வழக்கம். ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹலினா ஆன்ட்டி எடை குறைந்து வந்தார். அடுத்த முறை இன்னும் குறைந்தது. சாப்பிடவில்லையா என்று கேட்டேன். அவர் போனைத் திறந்து காட்டினார். மகன் தாராஸ் தினமும் காலையில் ஒரு கூட்டல் குறி மட்டும் அனுப்புவானாம். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். திரையில் வரிசையாகக் கூட்டல் குறிகள், தேதி தேதியாக. பிறகு ஒன்றுமில்லை. பத்து நாள் ஆகியிருந்தது.

வழக்கம்போல ஊசியைத் தயார் செய்தேன். பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும். அடுத்த முறை காதர் பாய் ஒரு டப்பாவோடு வந்தார். அவித்த முட்டை, வெள்ளைக்கரு மட்டும், மேலே கொஞ்சம் மிளகு. சிறுநீரக நோயாளிகளுக்கு மஞ்சள்கரு ஆகாது என்று நான் அவரிடம் மூன்று வருஷமாகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாரே என்று நெகிழ்ந்து போனேன். ஹலினா ஆன்ட்டி மெதுவாக இரண்டு துண்டு சாப்பிட்டார். "பாய், மஞ்சளையெல்லாம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"வீணாக்கலாமா மிஸ்ஸி? நான் சாப்பிட்டுட்டேன்."

நூற்றுத் தொண்ணூற்றெட்டு

அந்த வெள்ளிக்கிழமை நாலு பேரையும் மெஷினில் மாட்டிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். டிவியில் வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். உக்ரைன் படை எல்லையைத் தாண்டி, ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் போய்விட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை என்று செய்தி வாசிப்பவரே இரண்டு முறை சொன்னார். இரண்டரை வருஷமாக அடி வாங்குகிறவர்கள் என்றுதான் எல்லாரும் அவர்களை நினைத்திருந்தோம். அடி வாங்கியவர்கள் எழுந்து எதிர்வீட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள்.

பாக் மான் நாற்காலிக் கைப்பிடியை ஓங்கித் தட்டினார். இரண்டு ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, அதனால் எங்கள் வார்டில் கைதட்டல் என்றால் ஒரு கையால் கைப்பிடியில் அடிப்பதுதான். காதர் பாயும் சேர்ந்துகொண்டார். எதிர்ப்பக்கத்து நாற்காலிகளிலிருந்தும் தட்டல். துடைப்பத்தைப் பிடித்திருந்த அக்கா துடைப்பத்தைத் தரையில் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மெஷின் அலறியது. ஹலினா ஆன்ட்டியின் பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

ஓடினேன். அழுதுகொண்டிருந்தார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, "இது ரகசியமா இருக்கணும்னுதான் ராணுவத்துல போனை வாங்கி வெச்சிட்டாங்க. இதனாலதான் அவன் அனுப்பல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நிஜமாகவே அப்படித்தானா, வேறு காரணமா, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டருக்குப் போன் அடித்து மருந்து கொடுத்தேன். டிவியை அணைக்கப் போனால் நாலாபக்கமிருந்தும் கத்தினார்கள். பாக் மானுக்கு மட்டும் ஆச்சரியம் அடங்கவேயில்லை. மலாயில் என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷ சர்வீஸ்ல, மேலதிகாரிக்குத் தெரியாம ஒரு லோரியை என்னால கேம்ப் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியல மிஸ்ஸி. இவங்க ஒரு படையையே கொண்டு போயிருக்காங்களே!"

கைதட்டாதவர்

சிவகுருநாதன் ஐயா தட்டவில்லை. காதர் பாய் அதைக் கவனித்துவிட்டார். "என்ன ஐயா, யார் பக்கம் நீங்க?" என்று சீண்டினார். ஐயா, யாழ்ப்பாணத்துக்குக் கல்யாணமாகிப் போன தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். போர்க்காலத்தில் படை முன்னேறுகிறது என்று ரேடியோவில் வரும்போதெல்லாம், எந்தப் படை என்று கேட்பதற்கு முன்பே தங்கை பாத்திரங்களை மூட்டை கட்டுவாராம். அப்படி எத்தனை வீடு மாறினாரோ, அவர் எழுதிய கடிதங்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விலாசம்.

அப்புறம் ஹலினா ஆன்ட்டியிடம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற குரலில், "அந்தப் பக்கத்திலயும் சனம் இருக்குமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது, இன்றைக்குத்தானா இதைக் கேட்க வேண்டும் என்று.

ஹலினா ஆன்ட்டி கோபப்படவில்லை. இருக்கிறார்கள் என்றார். அவருடைய அம்மாவின் தங்கை அந்தப் பக்கத்து ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். முன்பெல்லாம் பஸ் ஏறிப் போய்ச் சந்தையில் ஊறுகாய்க்கு வெள்ளரி வாங்கிக்கொண்டு, சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். போர் தொடங்கியதும் போன் பேச்சும் நின்றுபோனது. முதல் மாதமே போனில் சண்டை வந்ததுதான் காரணம். உங்கள் ஊரில் குண்டே விழவில்லை என்று சித்தி சாதித்தாராம். சொல்லிவிட்டு ஐயாவைப் பார்த்தார்: "எனக்குப் பெருமையா இருக்கு. சித்திக்காகப் பயமாவும் இருக்கு. ரெண்டையும் ஒரே கையில பிடிச்சிருக்கேன், இன்னொரு கையை மிஸ்ஸி கட்டிப் போட்டிருக்கா."

நம்பர்

அடுத்த இரண்டு வாரம் ஹலினா ஆன்ட்டி எங்கள் தெருவுக்கே தளபதி. பக்கத்துக் காப்பிக்கடையில் தினமும் பேப்பர் படிக்கும் கிழவர்கள், அவர் மகளின் காரிலிருந்து இறங்கும்போது எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். அடுத்த வரிசை நோயாளி ஒருவரின் மனைவி மல்லிகைச் சரம் கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டார். குட்டை முடியில் அது நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது, அவரும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டார். கூட்டல் குறி மட்டும் வரவில்லை. இரவில் தூங்குகிறாரா என்று மகளிடம் கேட்டேன். சமையலறையில் விளக்கு எரிகிறது என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தைப் பார்க்க மாதம் ஒருமுறை வரும் டெக்னீஷியன் ஆ செங். பினாங்கில் எது நடந்தாலும் அதில் லாட்டரிக்கு நாலு இலக்க நம்பர் தேடும் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு இவர்தான் தலைவர். கார் மோதினால் கார் நம்பர், குழந்தை பிறந்தால் பிறந்த நேரம். நேராக ஹலினா ஆன்ட்டியிடம் போய், இப்போது உங்களுக்கு நல்ல நேரம், ஊரில் உங்கள் வீட்டு நம்பர் என்ன என்று கேட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவரை வெளியே தள்ளுவதற்குள் ஆன்ட்டி ஒரு டீச்சருக்கே உரிய பொறுமையோடு பதில் சொல்லிவிட்டார்: "முப்பத்தேழு. ரெண்டே இலக்கம்தான் தம்பி. வீடும் இப்ப பாதிதான் இருக்கு, அதுக்கு ஏத்த மாதிரி எழுதிக்கோ."

மெக்கானிக்

மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, மெஷினைக் கழற்ற அரை மணி நேரம் இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. வீடியோ கால். பெயரைப் பார்த்ததும் போனை மடியில் நழுவ விட்டார். நான் எடுத்து, கையுறையோடு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அங்கே அப்போதுதான் விடிகிறது. தாடி வளர்ந்த ஒரு முகம், நெற்றியெல்லாம் கிரீஸ். அம்மாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. எல்லாம் புரிந்தது. என் கண்ணாடி நனைந்து போனது. ஒரு கையில் போன், துடைக்க வழியில்லை.

"எல்லை தாண்டினானா? கேளுங்க, கேளுங்க" என்று காதர் பாய் பறந்தார். ஆன்ட்டி கேட்டுச் சொன்னார். இல்லையாம். அவன் எல்லைக்கு இந்தப் பக்கமே ஒரு கொட்டகையில் இருந்தானாம். போகிற வண்டிகளைச் சரிபார்த்து அனுப்புவதும், அடிபட்டு வருகிற வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதும்தான் அவன் வேலை. காதர் பாய் முகம் கொஞ்சம் தொங்கியது. "அப்போ சண்டைக்குப் போகலியா?" என்றார்.

பாக் மான் இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மெஷின் இல்லையென்றால் எழுந்தே போயிருப்பார். தன் முப்பது வருஷத்தையும் யாரோ குப்பையில் போட்டதுபோல முகம் சிவந்துவிட்டது. போனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். முதுகை நிமிர்த்தி, ஒரு கையால் அந்தப் பையனுக்குச் சல்யூட் அடித்தார். அவனும் கிரீஸ் கையால் திருப்பி அடித்தான். அடுத்து நான் போனைச் சிவகுருநாதன் ஐயாவிடம் காட்டினேன். அவர் ஆங்கிலத்தை மறந்து, "சாப்பிட்டீரோ தம்பி?" என்றார். ஆன்ட்டிக்கு அந்த ஒரு தமிழ் வாக்கியம் தெரியும், வந்த நாளிலிருந்து ஐயா அவரிடமும் அதைத்தான் கேட்கிறார். மொழிபெயர்த்தார். பையன் தலையாட்டியதும் ஐயா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பாக் மான் மட்டும் விடவில்லை, காதர் பாய் பக்கம் திரும்பினார்: "உன் கடையில பரிமாறுறவன் முன்னால நிக்கிறான், சமைக்கிறவன் பின்னால நிக்கிறான். சமைக்கிறவன் வேலை செய்யலைன்னு சொல்லுவியா பாய்?"

அந்த ஒரு மாதம்

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மாதங்கள் போனபின், பிடித்த இடங்களில் பெரும்பாலானவற்றை விட்டு அவர்கள் திரும்ப வேண்டி வந்தது. அதையும் அதே டிவியில்தான் பார்த்தோம். அன்றைக்கு யாரும் கைப்பிடியைத் தட்டவில்லை. காதர் பாய் தானாகவே ரிமோட்டை எடுத்துக் கால்பந்து போட்டார். ஆன்ட்டி வாங்கித் திரும்பவும் நியூஸ் போட்டார். தாராஸ் அப்போதும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தான். அந்த வீடியோ காலுக்குப் பிறகு காலையில் மறுபடி வரத் தொடங்கிய கூட்டல் குறியும் நிற்கவில்லை. சித்தியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

புதிதாக வந்த நோயாளி ஒருவரின் மகன், விவரம் தெரியாமல், "திரும்பி வரணும்னா எதுக்கு அங்கிள் போனாங்க, வீண்தானே?" என்று பாக் மானிடம் கேட்டான். பாக் மான் வாயைத் திறப்பதற்குள் ஹலினா ஆன்ட்டி பேசினார். குரலை உயர்த்தவில்லை. நான் அவர் கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன், அதனால் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்து 'பாவம்'னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அந்த ஒரு மாசம் மட்டும் யாரும் சொல்லல மிஸ்ஸி. எழுந்து நின்னாங்க."

இரத்தத்தைச் சுத்தம் செய்ய எனக்கு மூன்று வருஷம் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர்கள், அது கொதிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை.