முதலமைச்சரின் விரதங்கள்

சுவிஸில், துன் ஸ்டேஷனுக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறும் தெருவில், ஒருகாலத்தில் கீழே பியர்க் கடையும் மேலே வாடகை அறைகளுமாக இருந்த பழைய மரவீடு ஒன்றில்தான் எங்கள் மாகாண அரசு இருந்தது. நாடு இன்னும் பிரிந்து கிடைக்கவில்லை. கிடைக்கும் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடிவந்து, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் அந்த வீட்டில் கொண்டுவந்து விடப்பட்ட ஏழு பேர் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதைச் சுற்றி இருந்தால் அது அமைச்சரவை.

"நாடு கிடைச்ச அண்டைக்குக் காலமை எங்கட மாகாணத்திலை கதிரை வெறுமையாய்க் கிடக்கக் கூடாது. இஞ்சையிருந்து நேரை போய் அதிலை இருக்க வேணும். இல்லாட்டி வேறை ஆரும் இருந்திடுவாங்கள்" என்று சொல்லி அரசைத் தொடங்கியவர் எங்களில் மூத்தவர். ஊரில் கிராமசபைத் தலைவராக இருந்தவர். சேர்மன் என்றுதான் எல்லோரும் அழைப்போம். கதிரையைப் பற்றி முதலில் யோசித்தவர் என்பதால் அவரே முதலமைச்சரானார். வார நாட்களில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார்.

மற்றவர்களுக்கும் பதவிகள் இருந்தன. ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்த அண்ணை போக்குவரத்து அமைச்சர். அனுமதிச்சீட்டு இல்லாமல் ஏரியில் தூண்டில் போட்டுப் பொலிசிடம் பிடிபட்ட கரையோரப் பெடியன் மீன்பிடி அமைச்சர். எனக்கு அமைச்சு ஒன்றும் தரவில்லை. கையெழுத்து நல்லது, இந்த ஊர் டொச் பாஷையும் கொஞ்சம் வாசிப்பான் என்று செயலாளராக்கினார்கள். சேர்மன் என்னைத் தம்பி என்றோ பேர் சொல்லியோ அழைத்ததில்லை. செயலாளர் என்பார். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

அவரை எனக்கு ஊரிலேயே தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

என்னுடைய அப்பு பனையேறுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். எங்கள் ஆட்கள் கிராமசபைக் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. அம்மா குடத்தோடு தள்ளி நிற்பா. யாராவது வந்து, மனம் வைத்து, அள்ளி ஊற்றினால் தண்ணீர். எனக்குப் பெரிய பரீட்சை நடந்த நாட்களில் ஒரு காலை நெடுநேரமாகியும் ஒருவரும் வரவில்லை. நான் முகம் கழுவிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா தானே கயிற்றைப் பிடித்து அள்ளிவிட்டா.

சேர்மன் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கிணற்றை இறைக்கச் சொன்னார். இறைப்பதற்கு அப்புவையே கூப்பிட்டார். அம்மா தொட்ட தண்ணீரை அப்பு கையாலேயே கடைசி வாளி வரைக்கும் வெளியே ஊற்றுவித்தார். அதற்குக் கூலியும் கொடுத்தார். நான் பரீட்சை எழுதிவிட்டு வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தபோது அப்பு இன்னும் இறைத்துக்கொண்டிருந்தார். சேர்மன் குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்று பார்த்தேன்.

இந்த மனுசன் என் கையால் சமைத்த சோற்றை நாலு பேர் பார்க்கத் தின்ன வேண்டும். அன்றைக்கு நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அதை ஒருநாளும் மறக்கவில்லை. துன் வீட்டுப் படியில் பெட்டியோடு ஏறி, உள்ளே அவர் காலுக்கு மேல் கால் போட்டு இருப்பதைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தோசம்.

அந்த வீட்டில் சமையல் முறை வைத்திருந்தோம். ஏழு பேர், ஆளுக்கொரு நாள். எனக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. முதல் செவ்வாய் கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்தேன். எல்லோரும் இருந்தபிறகு சேர்மன் ஒரு துண்டுப் பாணும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார்.

"எனக்குச் செவ்வாய் விரதமெல்லோ. முருகனுக்கு."

நம்பினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிழமை மீன்பிடி அமைச்சரிடம் கேட்டு வியாழனுக்கு மாறினேன். வியாழன் குருபகவானுக்குரிய நாளாம். சனிக்கு மாறினேன், சனீஸ்வரன் வந்தார். திங்கள் சிவனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, ஞாயிறு சூரியனுக்கு. என் சமையல் நாள் எங்கே போனாலும் பஞ்சாங்கம் பின்னாலேயே வந்தது. நான் விட்டுவிட்டு வந்த செவ்வாயில் மீன்பிடி அமைச்சர் மீன்குழம்பு வைத்தபோது சேர்மன் முள்ளைக்கூடச் சப்பித் துப்பினார். முருகனுக்கு அன்றைக்கு லீவு.

புதன்கிழமை ஒன்றுதான் மிச்சம். புதனுக்கு ஒரு சாமியும் அகப்படவில்லை. சேர்மனுக்கு வயிற்றுக்குத்து வந்தது.

கொண்டக்டர் அண்ணை என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சிரித்தார். "எடேய், நீ ஏழு நாளும் சமைச்சியெண்டா மனுசன் நாயன்மாரிலை ஒராளாய்ப் போயிடுவார். கோயில் கட்ட வேண்டி வரும்."

"நான் விடமாட்டன் அண்ணை."

"என்னடா விடமாட்டன்? சோறுதானே. திண்டாத் திண்டது, திண்ணாட்டிக் கிடக்கட்டும்."

அப்போதுதான் அவருக்குக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்ப விடாதை" என்றார்.

அந்த மாரியில் எனக்கும் அதே ஹோட்டலில் வேலை கிடைத்தது. மரக்கறி வெட்டுவது, உருளைக்கிழங்கு உரிப்பது. பதினொரு மணிக்கு, வாடிக்கையாளர்கள் வர முன்னம், வேலைக்காரர்களுக்கு ஒரு சாப்பாடு கொடுப்பார்கள். அதைச் சமைத்துவந்த போர்த்துகல்காரன் எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டு வீட்டில் நிற்க, ஷெஃப் என்னைப் பார்த்து, "டூ, கோஹ்!" என்றார். நீ சமை என்று அர்த்தம். சேர்மன் இருந்தது பின்பக்கத்தில், ஆவி பறக்கும் கழுவும் மெசினுக்குப் பக்கத்தில். அவருடைய சாப்பாட்டுக் கோப்பை ஒரு சின்னச் சன்னல் வழியாகப் போகும். யார் வைத்தது என்று அங்கிருந்து தெரியாது.

முதல் நாள் மாக்கரோனியும் அரைத்த இறைச்சியும் வைத்தேன். கோப்பை துடைத்த மாதிரித் திரும்பி வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மன் விரதக்காரர் கோழிக்காலைக் கடித்து எலும்பை அனுப்பினார். இன்னும் இருக்கா என்று கையாலே கேட்டார். நான் சன்னல் மறைவில் நின்றுகொண்டு இன்னொரு கால் தள்ளிவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"உந்தப் போர்த்துகல்காரன்ரை கை நல்ல கை. இப்ப ரண்டு நாளாய் இன்னும் திறம்."

எனக்கு நெஞ்சுக்குள் மத்தாப்பு பூத்தது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் வீட்டிலிருந்து ஊர்க் கறித்தூளை ஒரு கடதாசிச் சரைக்குள் கட்டிக்கொண்டு போனேன். மாக்கரோனிக்குள் ஒரு சிட்டிகை. அடுத்த நாள் இரண்டு. ஷெஃப் நக்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனார். சேர்மன் தின்றார். ஒவ்வொரு கோப்பையும் சுத்தமாகத் திரும்பி வந்தது. ஒவ்வொன்றையும் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வீட்டில் பாணும் வாழைப்பழமும் தொடர்ந்து நடந்தன.

சொல்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரே கொண்டுவந்து தந்தார். மாகாணத்தின் கொள்கைப் பிரகடனத்தைத் தானே இருந்து எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைச்சரவையில் எழும்பி நின்று வாசித்தார். சேர்ட்டுக்கு மேலே கோட்டும் போட்டிருந்தார். காணி, கல்வி, மீன்பிடி எல்லாம் போய் இந்த இடத்துக்கு வந்தது: "எமது மாகாணத்தில் சாதி என்ற சொல்லே இராது. தீண்டாமை தண்டனைக்குரிய குற்றமாகும்."

கைதட்டினார்கள். "செயலாளர், அதை வடிவாய் எழுதிக் கொள்ளும்" என்றார்.

நான் பேனையை மூடி வைத்தேன்.

"ஐயா, உந்தச் சட்டம் எண்டையிலையிருந்து நடைமுறைக்கு வருது?"

"நாடு கிடைச்ச உடனை."

"அதுக்கு முன்னம் நான் சமைச்சதைத் திண்டால் குற்றமில்லையோ?"

நான் எழும்பினேன். ஹோட்டலில் போர்த்துகல்காரன் நிற்கவில்லை என்பதையும், மாக்கரோனியையும், வெள்ளிக்கிழமைக் கோழிக்காலையும், கறித்தூளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருடைய முகம் விழுவதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அது விழவில்லை. அவர் கடதாசியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எங்கட தூள் வாசம் எனக்குத் தெரியாதோ? அந்தக் குசினியிலை உம்மை விட்டால் வேறை ஆர் எங்கட ஆள்? நீர் தூள் போட்ட முதல் நாளே தெரியும்."

"பிறகு ஏன் திண்டனீங்கள்?"

"அங்கை ஆர் பாத்தது?" என்றார், கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. "பசிச்சுது, திண்டன். அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. இஞ்சை இருக்கினம். நாளைக்கு ஊருக்குப் போற ஆக்கள். அவை போய்ச் சொல்லுவினம்."

என்னுடைய பழிவாங்கல் முழுதும் அந்த ஒரு கேள்வியில் ஒன்றுமில்லாமல் போனது. நான் அவரை ஏமாற்றவேயில்லை. என் கைச் சோறு அவருக்கு நஞ்சும் இல்லை, தீட்டும் இல்லை. அவருக்கு வெறும் சாப்பாடு. அப்படியென்றால் அம்மா தொட்ட தண்ணீரும் அவருக்கு வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தும் கடைசி வாளிவரை இறைப்பித்தார். ஏனென்றால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் இருந்த கோபம் எனக்குச் சின்னக் கோபமாகத் தெரிந்தது.

கொண்டக்டர் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "சேர்மன், உதைக் கேட்டாப் பிறகு எனக்கொரு பிரேரணை இருக்கு. வாற செவ்வாய் இவன் சமைக்கட்டும். இந்த மேசையிலை, எங்களோடை இருந்து நீங்கள் சாப்பிட வேணும். இல்லாட்டி எனக்கு வேறை முதலமைச்சர் வேணும்."

"போக்குவரத்து அமைச்சர் விசர்க்கதை கதைக்கிறார்."

"விசரோ? கையைத் தூக்கிப் பாப்பம்."

மீன்பிடி அமைச்சரின் கை முதலில் எழும்பியது. பிறகு ஒவ்வொன்றாக, சிலது தயங்கித் தயங்கி, சேர்மனுடைய கையைத் தவிர எல்லாக் கைகளும் எழும்பின. சேர்மன் அவற்றை எண்ணுகிற மாதிரிப் பார்த்தார். அவருக்கு மெசினடியில் பெயரில்லை. அகதிகளுக்குக் காசு கொடுக்கிற ஸோசியால் கந்தோரில் அவர் ஒரு இலக்கம். உலகத்தில் அவரை முதலமைச்சர் என்று அழைக்க இருந்த இடம் அந்த ஒரு மேசைதான்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு கேட்டு நின்று சமைத்தேன். சோறு, பருப்பு, கோழிக்குழம்பு, லீக்ஸ் வறை. என்னால் முடிந்த அளவுக்கு ருசியாகச் சமைத்தேன். அவர் பிறகு ருசியைச் சாட்டுச் சொல்லக் கூடாது.

அவர் கோட்டோடு வந்து மேசைத் தலைப்பில் இருந்தார். முருகனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துப் பரிமாறினேன். மற்றவர்கள் தங்கள் சோற்றில் கை வைக்கவில்லை. அவர் ஒரு கவளம் எடுத்தார். வாயில் போட்டார். மென்றார். தொண்டை ஏறி இறங்கியதை எல்லோரும் கண்டோம்.

"நல்லாயிருக்கு" என்றார், ஒருவரையும் பாராமல்.

மீன்பிடி அமைச்சர் கைதட்டினான். நிதி அமைச்சர், "அரசு தப்பிச்சுது" என்றார். சிரித்தார்கள். அத்தோடு முடிந்துவிட்டது என்று எல்லோரும் தங்கள் கோப்பையை இழுத்தார்கள்.

எனக்கு முடியவில்லை. பதவிக்காகத்தான் தின்கிறார் என்று எனக்குத் தெரியும். எதற்காகத் தின்றாலும் பரவாயில்லை, தின்னட்டும். அவர் முடிக்க முன்னமே சட்டியோடு போனேன்.

"இன்னும் கொஞ்சம் போடுறன் ஐயா."

"இல்லை, இல்லை."

"என்ன ஐயா நீங்கள், கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ. உங்கட வீடு மாதிரி நினையுங்கோ." எங்கள் ஊரில் கலியாண வீட்டுப் பந்தியில் சொல்லுகிற வார்த்தை. அதை மறுத்து எழும்புவது மரியாதையில்லை என்று அவருக்குத் தெரியும். எத்தனை பந்தியில் இருந்தவர். சோறு போட்டேன், குழம்பு விட்டேன். அவர் தின்றார். மூன்றாந்தரமும் போட்டேன். நெற்றி வேர்த்தது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத் தின்றார். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் திரும்பவும் போனேன். அவர் கோப்பைக்கு மேலே இடக்கையை விரித்து மறித்தார். பந்தியில் அப்படி மறித்தால் பரிமாறுகிறவன் விலகிப் போக வேண்டும். நான் அகப்பையைச் சரித்து, ஆறிப்போன பருப்பை அந்தக் கைமேலேயே ஊற்றினேன். விரல்களுக்கு இடையால் சோற்றுக்குள் வடிந்தது. அவர் கையை மெல்ல எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு வலக்கையால் பிசையத் தொடங்கினார்.

"காணும் தம்பி" என்றார் கொண்டக்டர் அண்ணை, தாழ்ந்த குரலில். "காணுமடா. விடு."

நான் சட்டியைச் சுரண்டி அடுத்த அகப்பையை அள்ளினேன்.